பன்னிரண்டு அடி மஞ்சள்

மணக்குடிக் கழியோரம் மூடிப்போன விடுதியில்
கயாக் ஒன்று விலைக்கு நிற்பதாகச் சொன்னார்கள்.
ஏழு மாத இரவுப்பணிக் காசு கையிலிருந்தது.
யாரையும் கேட்கவில்லை. வாங்கினேன்.
பன்னிரண்டு அடி. மஞ்சள்.
எங்கள் ஆல்டோ பதினோரு அடி சொச்சம்தான் என்று
வாங்கிய பிறகுதான் அளந்து பார்த்தோம்.

ரசல், ரப்பர் ஷீட் கட்டு கட்டி
லாரிக்கு ஏற்றுகிற ஆள்.
கெட்டென்றால் மூச்சு விடக்கூடாது அவனுக்கு.
பழைய பாயை மடித்துக் கூரையில் விரித்தான்,
கவிழ்த்துக் கிடத்தினான்,
லாரிப் பட்டையைக் குறுக்கே போட்டு
கிரிக் கிரிக்கென்று இறுக்கினான்
மஞ்சள் வயிறு உள்ளே போகும்வரை.
"இனி அசையாது பாத்துக்க."

அசையவில்லை.
அசையாததெல்லாம் பத்திரம் என்று
யார் சொன்னது இவனிடம்?

மூக்கிலிருந்து பம்பருக்கு ஒரு கயிறு,
வாலிலிருந்து ஒன்று,
வால் நுனியில் சிவப்புத் துணி:
என் பழைய நைட்டியின் கை.

பார்வதிபுரம் பாலத்தில் ஏறியதும்
பக்கத்திலிருந்து காற்று.
பட்டை ஊளையிடத் தொடங்கிற்று.
நாற்பதில் ஒரு சுருதி, ஐம்பதில் வேறொன்று.
சுங்கான்கடையில் ஓரம் கட்டச் சொல்லி
பட்டையை நான் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டேன்.
ஊளை நின்றது.
ரசல் ஒன்றும் கேட்கவில்லை,
தக்கலை வரை ரேடியோவும் போடவில்லை.

தக்கலையில் போலீஸ்காரர் சுற்றி வந்தார்.
"கடல் சாமானை மலைக்கா கொண்டு போறிய?"
"கோதையாத்துல விட."
"ஆத்துல விட்டா?"
"திரும்பவும் மேல கெட்டி வீட்டுக்குக் கொண்டு போணும்."
அவர் சற்று நேரம் யோசித்தார்.
"பைய போங்க."

அருமனையில் இறக்கி வைத்தால்
வீட்டில் இடமில்லை.
மொட்டைமாடியில் வெயில் தின்னும்.
கைப்பிடியில் தொங்கவிட்டால் நடு வளையும்.
"புகைப்புரையில போடுவோமா?" என்றான்.
ஷீட் உலர்கிற சூட்டில்
இது அப்பளமாகப் பொரிந்துவிடும் என்றேன்.
கடைசியில் அடுக்களைப் பின்சுவரோரம்
இரண்டு ஆட்டோ டயர்மேல்
ஒருக்களித்துப் படுத்தது.
எலி நுழையாமல் வாய்க்கு வலை.
அடைப்பானைத் திறந்தேன்:
அரைச் செம்பு மணக்குடித் தண்ணீர்,
மணல்,
விடுதியின் ஷாம்பு பாக்கெட் ஒன்று.

அப்போதுதான் பார்த்தோம்.
பட்டை கிடந்த இடத்தில்
உள்ளங்கையளவு குழி.

எலும்பு வார்டில் நான் தினமும் பார்ப்பது இதுதான்.
கட்டு இறுகிப்போனால்
உள்ளே வலிப்பது வெளியே தெரியாது.
நகத்தை அமுக்கிவிட்டு விட வேண்டும்.
வெளுத்த இடத்துக்கு
ரத்தம் எத்தனை எண்ணுவதற்குள் திரும்புகிறது என்று
எண்ண வேண்டும்.
கெட்டியோனிடம் இதைச் சொல்லவில்லை.
எங்கள் ஊரில் கெட்டு என்றால் கல்யாணமும்தான்.
சொன்னால் வேறு எதையோ சொல்வதாக ஆகும்.

"வெயில் காட்டினா வருமாம்," என்றேன், அவ்வளவே.

அந்தச் சுவருக்கு வெயில் வருவது
பதினொன்றிலிருந்து பன்னிரண்டேகால் வரை.
பால்வெட்டு முடித்து, ஷீட் அடித்து, குளித்துவிட்டு
அவன் குழியை வெயிலுக்குத் திருப்பி வைப்பான்.
பன்னிரண்டேகாலுக்கு
மறுபடி நிழலுக்குத் திருப்புவான்.
நடுவில் கட்டைவிரலால் தொட்டுப் பார்ப்பான்.
அமுக்கமாட்டான்.
எட்டு நாள், ஒன்பது நாள்.
ஒரு நாள் மழை, அது கணக்கில் இல்லை.

பதினான்காம் கட்டில் பையனின் விரலை
நான் பிடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.
"எளா, டப்புன்னு ஒரு சத்தம். குழி போச்சு."
"ம்."
"இனி கெட்டும்போ பட்டைக்குக் கீழ
ரெண்டு விரல் போற மாதிரி விடணும். என்ன?"
நான் சொல்லிக் கொடுத்ததில்லை.
பையனின் நகம் வெளுப்பிலிருந்து
சிவப்புக்கு வந்துகொண்டிருந்தது.
எண்ண மறந்துவிட்டேன்.
மறுபடி அமுக்கி,
முதலிலிருந்து எண்ணினேன்.

கயாக் இன்னும் ஆற்றைப் பார்க்கவில்லை.
திங்கள் எனக்கு விடுப்பு.
மழை என்கிறார்கள்.